பூபாலன் ஓங்காத சுத்தியல்

எவர்சில்வர் டிபன் கேரியர் வாயில் வந்து மோதியபோது மைதிலிக்கு முதலில் வலிக்கவில்லை. நாக்கில் உப்புக் கரித்தது. சிறு கல் போல ஏதோ ஒன்று கழன்று நாக்கின் மேல் விழுந்தது. உள்ளங்கையில் துப்பிப் பார்த்தாள். முன்பல்லில் பாதி.

அந்த அடி அவளுக்கு விழ வேண்டியதல்ல. லூர்துமேரியின் தலையைக் குறிவைத்து ஓங்கியது. நடுவில் பாய்ந்தவள் மைதிலி.

செகந்திராபாத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. தீக்காயப் பிரிவின் வாசல். கதவுக்கு உள்ளே லூர்துமேரியின் கணவன் பூபாலன் வாழைச் சருகு போலச் சுருண்டு கிடந்தான். கதவுக்கு வெளியே, டிபன் கேரியரின் கைப்பிடியை இன்னும் விடாமல் ராஜீவ் நின்றான். கேரியர் திறந்துகொண்டு சாம்பாரும் சோறும் சுவரெல்லாம் வழிந்தன. அது பூபாலனுக்காக லூர்துமேரி கொண்டுவந்த சாப்பாடு. அவள் கையிலிருந்தே பிடுங்கி அவளையே அடிக்க ஓங்கியிருந்தான்.

"கைக்கு அக்கா?" ஏன் என்பதற்கு ஹைதராபாத் பேச்சு. "கைக்கு என் தம்பி நிகிலைக் கொன்னீங்க? மாமா மாமான்னு உங்க வீட்டுக்காரர் பின்னாடியே நாய்க்குட்டி மாதிரி சுத்தினானே! உங்க கையால சோறு தின்ன பையன்தானே அவன்!"

"அவரு அடிக்கலடா ராஜீவ்! மாதா மேல ஆணை! அந்தச் சுத்தியலை அவரு ஓங்கவே இல்லடா!"

"பார்த்தவங்க சொல்றாங்க. போலீசு சொல்லுது. நீ மட்டும் சொல்ல மாட்டே!" அவன் மறுபடியும் பாய்ந்தான். மைதிலி இரண்டு கைகளையும் விரித்து லூர்துமேரியை மறைத்தாள். அவள் மோவாயிலிருந்து இரத்தம் புடவையில் சொட்டியது.

"நக்கோ மேடம், வேணாம். நீங்க யாரு நடுவுல? தள்ளுங்க."

"தள்ள மாட்டேன் தம்பி. அடிச்சே ஆவணும்னா இன்னொரு பல்லு இருக்கு, அதையும் எடுத்துக்க. இந்த அம்மா மேல கை வைக்காதே."

அவள் வாயைப் பார்த்ததும் ராஜீவின் கை தானாக இறங்கியது. அல்வாலில் பைக் மெக்கானிக் அவன். யாரையும் அடித்துப் பழக்கமில்லாதவன். ஆனால் தம்பியின் உடலைப் பெட்டியில் வைத்து மூடியே கொண்டுவந்து கொடுத்தார்கள், முகத்தைக்கூடக் காட்டவில்லை. அன்றிலிருந்து அவன் கைகளுக்கு எதையாவது அடித்து நொறுக்க வேண்டியிருந்தது.

மைதிலி யார் என்பதைச் சொல்ல வேண்டும். எண்ணெய்க் கிணறுகளிலும் எரிவாயுக் கிணறுகளிலும் வேலை செய்பவர்கள் பத்திரமாக இருக்கிறார்களா என்று பார்க்க மத்திய அரசு வைத்திருக்கும் ஆய்வாளர்களில் ஒருத்தி. அலுவலகம் ஹைதராபாத்தில். கிணறுகளோ தூரத்தில், கோதாவரி கடலில் கலக்கும் கோனசீமையில். ரயிலேறிப் போவாள், சேற்றில் இறங்குவாள், குழாயைத் தட்டிப் பார்ப்பாள், ஆபத்து என்று பட்டால் வேலையை நிறுத்தச் சொல்வாள். நிறுத்தச் சொல்கிறவளை யாருக்குப் பிடிக்கும்? வாயு கசிந்து தென்னந்தோப்பு எரிந்த ஓர் ஊரில் அவள் ஜீப்பின் கண்ணாடியைக் கல்லால் உடைத்தார்கள். புருவத்தில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. வேலை நின்றதால் கூலி போன ஒருவன் அவள் காலருகில் இரும்புக் கம்பியை வீசினான். நெய்வேலியில் பிறந்து, சுரங்க வெடிச் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்து, சொந்தக்காரர்கள் வாயைப் பிளக்கச் சுரங்கப் பொறியியல் படித்தவள். சத்தத்துக்கு அவள் பயந்ததில்லை. கரிந்த உடல்களைப் பார்க்கும்போது மட்டும் வீட்டுக்கு வந்து நெடுநேரம் குளிப்பாள்.

பூபாலனும் நிகிலும் லாலாகுடா ரயில்வே காலனியில் ஒரே சந்துக்காரர்கள். தாத்தா காலத்தில் ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள். ரயில்வேயில் இடம் கிடைக்காமல் பூபாலன் எண்ணெய்க் கிணறுகளில் ஒப்பந்த ஃபிட்டராகப் போனான். நிகிலையும் அவனே கூட்டிக்கொண்டு போனான். "என் கண்ணுல வச்சுப் பார்த்துக்கறேன்" என்று நிகிலின் அம்மாவிடம் வாக்குக் கொடுத்துக் கூட்டிப் போனான்.

அந்தக் கிணற்றில் வாயுவை வெளியே கொண்டுபோக வயல் நடுவே இரும்புக் குழாய்களைக் கோத்திருந்தார்கள். ஒரு குழாயையும் அடுத்ததையும் சேர்ப்பது ஒரு பெரிய நட்டு. அதற்குக் காது போல மூன்று முனைகள் துருத்திக்கொண்டு நிற்கும். கையால் திருகி ஏற்றி, கடைசியில் அந்தக் காதில் சுத்தியலால் ஓங்கி அடித்து இறுக்குவார்கள். ஆட்கள் அதை ஹேமர் யூனியன் என்பார்கள். அதில் ஒரே ஒரு சட்டம். குழாய்க்குள் அழுத்தம் ஏறிய பிறகு அந்த நட்டின் மேல் சுத்தியல் படக் கூடாது. பட்டால் சாவு.

அன்று காலை வாயுவைத் திறந்தார்கள். கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாக இருந்தது. பிறகு ஒரு நட்டு பிய்த்துக்கொண்டு பீரங்கிக் குண்டு மாதிரி பறந்தது. நிகிலின் மார்பை உள்ளே அமுக்கிவிட்டு, அதே வேகத்தில் கால்வாயில் போய் விழுந்தது. அறுந்த குழாய் பாம்பு போலத் துள்ளி மண்ணைக் கொத்தியது. வாயு பற்றிக்கொண்டது. எல்லோரும் ஓடினார்கள். பூபாலன் மட்டும் நெருப்பை நோக்கி ஓடினான். எரிந்துகொண்டிருந்த நிகிலைத் தன் இரண்டு கைகளாலும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தான். கைகள் வெந்தன. செவிப்பறைகள் கிழிந்தன. தாடை உடைந்தது. அவன் இழுத்து வந்தது பிணம் என்று அவனுக்குத் தெரியாது.

நெருப்பு அணைந்த பிறகு அங்கே கிடந்தது பூபாலனின் சுத்தியல். அழுத்தத்தில் இருந்த நட்டை அவன்தான் அடித்திருக்க வேண்டும் என்று கம்பெனி சொன்னது. அவன் சுத்தியலைத் தூக்கியதைப் பார்த்தேன் என்று ஒரு மேற்பார்வையாளர் சொன்னார். போலீஸ் பூபாலன் மேல் வழக்குப் போட்டது. பறந்த நட்டைத் தேடிக் கால்வாயில் ஆட்கள் முங்கிப் பார்த்தார்கள். சேறு அதைத் தர மறுத்துவிட்டது. இனி மைதிலி என்ன காரணம் எழுதுகிறாளோ அதுதான் காரணம். அவள் அவனைக் குற்றவாளி என்று எழுதினால், பிழைத்து எழுந்தாலும் பூபாலன் போவது சிறைக்கு. செத்தால், நிகிலைக் கொன்றவன் என்ற பெயரோடு கல்லறைக்கு.

கைக்குட்டையால் வாயை அழுத்திக்கொண்டு மைதிலி உள்ளே போனாள். மருந்தும் வெந்த தசையும் சேர்ந்த ஒரு நாற்றம். பூபாலனால் பேசவும் முடியாது, கேட்கவும் முடியாது; கண்கள் மட்டும் திறந்திருந்தன. வலது கைக் கட்டுக்கு வெளியே கட்டை விரலும் இரண்டு விரல்களும் நீட்டிக்கொண்டிருந்தன. அந்த விரல்கள் அசைந்துகொண்டே இருந்தன. எதையோ உருட்டுவது போல, உருட்டுவது போல.

"இதைத்தாங்க மேடம் ஓயாம செய்யறாரு" என்று லூர்துமேரி விம்மினாள். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஜெபமாலையைத் தொட்டதில்ல மனுஷன். சாவு பயத்துல இப்ப உருட்டறாருன்னு நெனச்சேன். என் மாலையைக் கையில குடுத்தா தள்ளி விடறாரு."

மைதிலி அந்த விரல்களையே பார்த்தாள். மாலை உருட்டுகிறவன் விரல் முன்னும் பின்னும் போகும். இது ஒரே பக்கமாகச் சுற்றியது. லேசாக. தடையே இல்லாமல்.

நட்டைத் திருகுகிறவனின் விரல். மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அவன் கண்ணெதிரே பிடித்தாள். அதன் மூடியைத் திருகினாள். இறுகி நின்றது. அவன் கண்கள் இல்லை இல்லை என்று இரண்டு பக்கமும் தவித்தன. அவள் பக்கத்திலிருந்த மருந்துப் புட்டியின் மூடியை எடுத்தாள். அது சற்றே பெரியது. அதைப் பாட்டிலின் மேல் வைத்துத் திருகினாள். வழுக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஏறி, மரையின் நுனியில் மட்டும் தொற்றிக்கொண்டு நின்றது.

பூபாலனின் கண்களிலிருந்து கண்ணீர் கொட்டியது. இமைகளை அழுத்தி மூடினான், திறந்தான், மறுபடி மூடினான். ஆமாம். ஆமாம். ஆமாம்.

மைதிலிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இந்த இணைப்புகளில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று பெரிய அழுத்தத்துக்கு, மற்றது சின்ன அழுத்தத்துக்கு. சின்ன ரகத்தின் நட்டு ஒரு நூலிழை அளவு அகலமானது. அதைப் பெரிய ரகக் குழாயின் மேல் திருகினால் ஏறிவிடும். மரையின் நுனிகள் மட்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். சுத்தியலால் அடித்தால் இறுகிவிட்டது போலவே இருக்கும். கொஞ்சம் அழுத்தம் வரைக்கும் தாங்கும். அழுத்தம் ஏற ஏற அந்த நுனிகள் சீவிக்கொண்டு போகும். பிறகு நட்டு பறக்கும். யாரும் அதைத் தொட வேண்டியதில்லை.

வெளியே மாடிப்படியில் ராஜீவ் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மைதிலி அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"நாளைக்கு என்னோட நாச்சாரம் வா. அந்தக் குழாயெல்லாம் அங்கேருந்துதான் போச்சு."

"வந்தா? அந்த ஆளு பூபாலனைக் காப்பாத்தவா?"

"உன் தம்பி எப்படிச் செத்தான்னு பார்க்க. நான் நெனைக்கறது தப்புன்னா நானே பூபாலன்தான் குத்தவாளின்னு எழுதறேன். போதுமா?"

அவன் நிமிர்ந்து அவளுடைய வீங்கிய உதட்டைப் பார்த்தான். "உங்களுக்கு வலிக்கலையா மேடம்?" என்றான்.

"இப்பதான் வலிக்க ஆரம்பிச்சிருக்கு" என்றாள்.

ஹப்சிகுடா வீட்டில் கதவைத் திறந்தவன் அவள் கணவன் கிருஷ்ணகுமார். கொண்டாப்பூரில் மென்பொருள் வேலை. அப்போதுதான் வந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"பல்லு எங்க?"

"ஆஸ்பத்திரியில."

"ஒரு நாளாவது முழுசா வீட்டுக்கு வா மைதிலி. போறப்ப இருந்ததெல்லாம் வர்றப்பவும் இருக்கணும். அவ்வளவுதான் நான் கேட்கறது." சொல்லிவிட்டு உதட்டுக்கு ஐஸ் கட்டி எடுத்து வந்தான். மகள் ஸ்ரேயா எட்டிப் பார்த்து, "அம்மா, ப்ளீஸ், ரேப்பு ஸ்கூலுக்கு ராகு" என்றாள். நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வராதே என்கிறாள். சொன்னவள் அடுத்த நொடி ஓடிவந்து தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

நாச்சாரம் தொழிற்பேட்டையில் ராகவேந்திராவின் கிடங்கு பெரியது. பழைய குழாய்களையும் நட்டுகளையும் வாங்கிச் செப்பனிட்டு, கிணறுகளுக்கு வாடகைக்கு அனுப்புகிறவர். சென்னையில் பல காலம் வியாபாரம் செய்ததால் தமிழ் நன்றாக வரும். தகரக் கூரைக்குக் கீழே இரும்பு குவிந்து கிடந்தது. எல்லாம் சிவப்பு. இரத்தத்தில் முக்கி எடுத்தாற்போல ஒரே சிவப்பு.

"வாங்க மேடம். வாய்க்கு என்ன ஆச்சு? வீட்டுல ஐயாகிட்ட வாங்கினீங்களா?"

பின்னால் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். ராஜீவ் தரையைப் பார்த்தான்.

"உங்க நட்டுகளை நான் பார்க்கணும் சார்."

"இது எண்ணெய்க் கிணறு இல்லம்மா, என் கொட்டாய். உங்க அதிகாரமெல்லாம் கோதாவரிக் கரையோட சரி."

"அதிகாரத்தோட வரலை. கேட்டுத்தான் வந்திருக்கேன்."

"கேட்டு வந்தா அது பிச்சை. போட்டா போச்சு." அவர் ராஜீவின் தோளில் கையைப் போட்டார். "தம்பி, உன் வயிறு எரியறது எனக்குத் தெரியும். என் சரக்குல ஒரு குறை கிடையாது. அந்தக் குடிகாரப் பய சுத்தியலால அடிச்சான், உன் தம்பி போயிட்டான். இந்த அம்மா யாரைக் காப்பாத்த வந்திருக்கோ!"

"பூபாலன் குடிக்க மாட்டாரு" என்று ராஜீவ் சட்டென்று சொன்னான். சொன்ன பிறகுதான் யாருக்காகப் பேசினோம் என்று அவனுக்கு உறைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டான்.

மைதிலி குவியலைப் பார்த்தபடி கேட்டாள். "ரெண்டு ரகத்துக்கும் ரெண்டு கலர் இருக்குமே. சின்னது நீலமா இருக்குமே. ரக நம்பரும் குத்தியிருக்குமே. எல்லாம் எங்க?"

ராகவேந்திரா கைதட்டிச் சிரித்தார். "இதானே வேண்டாங்கறது! சிவப்பு அடிக்கச் சொன்னது யாரு? நீங்க! போன வருஷம் கிணத்துல நின்னு, எல்லார் முன்னாடியும். பெரிய அழுத்தம் வர்ற குழாய் தூரத்துல இருந்தே தெரியணும், சிவப்பு அடிங்கன்னு. உங்க வார்த்தைக்கு மரியாதை குடுத்தோம் மேடம். இருந்ததையெல்லாம் சிவப்பாக்கினோம். ஒண்ணுக்கு ரெண்டு கோட்டு!"

ஆமாம், அவள் சொன்னாள். பெரிய அழுத்தம் தாங்குவதை மட்டும்தான் சொன்னாள். ஆனால் மற்றதைச் சிவப்பாக்காதே என்று சொல்லவில்லையே! ஃபிட்டர்கள் நம்பரைப் படிப்பதில்லை. சேற்றிலும் அவசரத்திலும் நிறத்தைப் பார்த்துத்தான் ஜோடி சேர்க்கிறார்கள் என்று தெரிந்தவள்தானே அவள்! நீலம் அழிந்தது. தடித்த பெயின்ட்டுக்கு அடியில் நம்பர் மூழ்கியது. பூபாலன் சிவப்பையும் சிவப்பையும் சேர்த்தான்.

"இன்னும் சந்தேகமா?" ராகவேந்திரா ஒரு குழாயைக் காலால் உருட்டினார். "நட்டை நானே எடுக்கறேன், கண்ணை மூடிட்டு. உங்க முன்னாடியே மாட்டி, தண்ணி ஏத்தி, கிணத்து அழுத்தத்தைக் காட்டறேன். போதுமா?"

அவர் குவியலிலிருந்து ஒரு நட்டை எடுத்துப் போட்டார். ஓர் ஆள் குழாயில் வைத்துத் திருகினான். நட்டு சுற்றிச் சுற்றி ஓடி ஏறியது. மைதிலிக்கு அந்த மூன்று விரல்கள் கண்ணில் வந்து நின்றன.

"வெண்ணெய் மாதிரி ஏறுது பார்த்தீங்களா?"

"அதுதான் சார் தப்பு! நல்ல ஜோடின்னா கடைசியில கை வலிக்கணும். மாட்டாதீங்க. பெயின்ட்டைச் சுரண்டுங்க, நம்பரைப் பார்த்துடலாம்."

"அடி!" என்றார் அவர். சுத்தியல் நட்டின் காதில் இறங்கியது. கூரை அதிர்ந்தது.

பம்பும் அழுத்தம் காட்டும் முள்ளும் கான்கிரீட் சுவருக்குப் பின்னால் இருந்தன. சோதிக்கும்போது எல்லோரும் சுவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். ராகவேந்திரா மட்டும் வரவில்லை. குழாயின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து, இடுப்பில் கை ஊன்றி நின்றார்.

"சார், இந்தப் பக்கம் வாங்க! குழாய்க்குள்ள காத்து இருக்கு, அதைக்கூட வெளியேத்தலை. வெடிச்சா உடம்பு மிஞ்சாது!"

"என் சரக்குப் பக்கத்துல நிக்க எனக்கென்ன பயம்? பூபாலன் மாதிரி நான் சுத்தியல் வச்சிருக்கேனா? ஓட்டுடா!"

அவர் பொய் சொல்லவில்லை. தன் இரும்பை உண்மையாகவே நம்பினார். அந்த நம்பிக்கையைப் பார்த்தபோதுதான் மைதிலிக்குப் பயம் வந்தது.

பம்பு உறுமியது. முள் ஏறியது. "நிறுத்து!" என்று மைதிலி கத்தினாள். பம்புக்காரன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி கையால் சுற்றிக் காட்டினார். ஓட்டு, ஓட்டு. முள் இன்னும் ஏறியது. நட்டின் விளிம்பில் தண்ணீர் ஒரு மயிரிழை போலக் கசிந்து பீய்ச்சியது.

அந்தக் கணத்தில் ஒரு கொடிய எண்ணம் அவளுக்குள் தலை தூக்கியது. நிற்கட்டும். சாகட்டும். நிகில் எப்படிச் செத்தான் என்று உலகமே பார்க்கட்டும். பூபாலனுக்கு இதைவிடப் பெரிய சாட்சி எது?

எண்ணம் முடியுமுன் அவள் கால்கள் ஓடிவிட்டன. சுவரைத் தாண்டிப் பாய்ந்து, தலையைக் குனிந்து, முட்டும் மாடு போல ராகவேந்திராவின் வயிற்றில் மோதினாள். இருவரும் இரும்புக் குவியலின் மேல் விழுந்தார்கள்.

நட்டு பறந்தது. ராகவேந்திராவின் மார்பு இருந்த இடத்தைக் கடந்து, எதிரே நின்ற லாரியின் கதவைத் துளைத்து, உள்ளே இருக்கையைக் கிழித்து, மறுபக்கக் கதவையும் பிய்த்துக்கொண்டு போயிற்று. குழாய் துள்ளி எழுந்து சுழன்று அடித்தது. ராகவேந்திராவின் முழங்காலுக்குக் கீழே எலும்பு வெள்ளையாக வெளியே வந்தது. அதே வீச்சு மைதிலியின் இடது கையை முழங்கைக்குக் கீழே முறித்து மடக்கியது. மேலே போன தண்ணீர் மழையாக இறங்கி இரத்தத்தோடு கலந்து ஓடியது.

"அம்மா! அம்மா! அம்மா!" அவ்வளவு பெரிய மனிதர் குழந்தை போல அலறினார்.

மைதிலிக்குக் கண் இருட்டியது. ஆனாலும், "பெயின்ட்டைச் சுரண்டுங்கடா" என்றாள். பம்புக்காரன் பிளேடு எடுத்துக் குழாயின் கழுத்தைச் சுரண்டினான். ராஜீவ் லாரிக்கு அப்பால் ஓடி, சூடாக இருந்த நட்டைச் சட்டையில் ஏந்திக்கொண்டு வந்து அதையும் சுரண்டினான். குழாயில் ஒரு நம்பர். நட்டில் வேறு நம்பர். நட்டின் சிவப்புக்கு அடியில் நீலம்.

ராஜீவ் நட்டைப் பார்த்தான். லாரியின் கதவிலிருந்த ஓட்டையைப் பார்த்தான். அந்த ஓட்டை தன் தம்பியின் மார்பின் உயரத்தில் இருந்தது. யாரும் சுத்தியலைத் தொடவில்லை. அது சுவரோரமாக, நனைந்து, அப்படியே கிடந்தது.

ஆம்புலன்ஸ் ராகவேந்திராவை ஏற்றிக்கொண்டு போயிற்று. மைதிலியை ராஜீவ் ஓர் ஆட்டோவில் தூக்கிப் போட்டான். ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் உடைந்த எலும்பு உரசியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"ராஜீவ், ஒண்ணு கேட்டுக்க. அந்த ஆளு சொன்னது நெசம். சிவப்பு அடின்னு சொன்னது நான். தெளிவா சொல்லியிருந்தா உன் தம்பி இருந்திருப்பான்."

அவன் முகம் கறுத்தது. முஷ்டி மேலே எழுந்தது. அவள் முகத்துக்கு நேரே நின்று துடித்தது. மைதிலி கண்ணை மூடவில்லை. "அரே பாய், கியா கர்ரே! என்னப்பா பண்றே!" என்று ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து அலறினார். முஷ்டி திசை மாறி ஆட்டோவின் இரும்புக் கம்பியில் இறங்கியது. மறுபடியும். மறுபடியும். விரல் முட்டிகள் பிளந்து தோல் தொங்கியது.

"கைக்கு மேடம் என்கிட்ட சொன்னீங்க?" என்று அழுதான். "சொல்லாம இருந்திருக்கலாமே! உங்களை நான் இப்ப என்ன பண்றது?"

"தெரியலப்பா" என்றாள் அவள்.

அதையே அவள் பிறகு அறிக்கையிலும் எழுதினாள். கிருஷ்ணகுமார் அந்த ஒரு பத்தியை மட்டும் விட்டுவிடும்படி கெஞ்சினான். அவள் விடவில்லை. பூபாலன் மேல் இருந்த வழக்கு போயிற்று. அவளுக்கு வர வேண்டிய பதவி உயர்வும் போயிற்று. இடது கை இன்றைக்கும் முழுதாக நீளாது. அதைக்கொண்டே ரயில் படியைப் பிடித்து ஏறிக் கோதாவரிக்குப் போகிறாள். பழைய சிவப்புக் குழாயைக் கண்டால் பேசாமல் பிளேடை எடுத்துச் சுரண்டுகிறாள்.

ஆனால் அன்று ஆட்டோ நின்றதும் ராஜீவ் எதற்கும் காத்திருக்கவில்லை. அவளைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, ஈரமும் இரத்தமுமாகத் தீக்காயப் பிரிவுக்குள் ஓடினான். தடுத்த காவலாளியைத் தள்ளிவிட்டான். அவன் வருவதைப் பார்த்த லூர்துமேரி வீறிட்டாள். தன் உடம்பாலேயே கட்டிலை மூடிக்கொண்டாள்.

"கொல்றதுன்னா என்னைக் கொல்லுடா! அவரை விட்டுடு!"

பூபாலனுக்கு எதுவும் கேட்கவில்லை. இரத்தக் கையோடு ராஜீவ் வருவது மட்டும் தெரிந்தது. அடி வாங்கப் போகிறவனாகக் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

ராஜீவ் தரையில் முழங்கால் பட விழுந்தான். சட்டையில் சுருட்டி வந்திருந்த நட்டு தரையில் உருண்டது. லூர்துமேரியின் கையைப் பிடித்து இழுத்துத் தன் கன்னத்தில் அறைந்துகொண்டான்.

"அடிங்க அக்கா. மாமா சுத்தியலை ஓங்கல. நான்தான் ஓங்கினேன். அடிங்க. உங்க சோத்தைத் தின்னுட்டு உங்களையே அடிச்ச கை இது. அடிங்க!"

முதல் அறையில் அவள் கை துவண்டிருந்தது. இரண்டாவது அறையில் விறைத்தது. மூன்றாவதை அவளே அறைந்தாள். பிறகு அவனுடைய பிடி தேவைப்படவில்லை. கொலைகாரன் பெண்டாட்டி என்று சந்தில் எறிந்த சொற்களுக்காக அறைந்தாள். சுவரில் வழிந்த சோற்றுக்காக அறைந்தாள். வெந்துபோன அந்தக் கைகளுக்காக, தானும் ஒரு காலத்தில் தூக்கி வளர்த்த நிகிலுக்காக, இரண்டு கைகளாலும் மாறி மாறி அறைந்தாள். ராஜீவின் உதடு கிழிந்தது. அவன் முகத்தை விலக்கவில்லை.

ஓடிவந்த செவிலியைச் சக்கர நாற்காலியிலிருந்து மைதிலியின் நல்ல கை பிடித்து நிறுத்தியது. "விடுங்க சிஸ்டர்."

கண்ணைத் திறந்த பூபாலன் ஒன்றும் புரியாமல் பார்த்தான். மனைவி அடிக்கிறாள், ராஜீவ் வாங்கிக்கொண்டு அழுகிறான். தரையில் ஒரு நட்டு கிடந்தது. பாதி சிவப்பு, பாதி நீலம். அவன் பார்வை அதிலேயே நெடுநேரம் நின்றது. பிறகு கட்டுக்கு வெளியே இருந்த மூன்று விரல்களும் மெல்ல நகர்ந்து லூர்துமேரியின் புடவைத் தலைப்பைப் பற்றின. இழுத்தன.

போதும் என்று அவளுக்கு மட்டும் புரிந்தது. ஓங்கிய கை ராஜீவின் தலைமேல் இறங்கி, அப்படியே அவனை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டது.